தெற்கு சூடான் போகும் பிரபுவுக்காக

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பிரபு ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடான் போகிறான் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷப்பட்டேன். இங்கே எல்லோரும் நலம், மூத்தவளுக்கு அடுத்த மாதம் பிரசவம், வீடே அந்தப் பரபரப்பில் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டையை நினைத்துத் தங்கச்சிக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதைவிடக் கொசுவையும் அது கொண்டுவரும் மலேரியாவையும் நினைத்துத்தான் கவலை.

திரிபுராவில் நம் ராணுவ போஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? பொழுது சாயும்போது ஃபாலின் என்று எல்லோரும் வரிசையில் நிற்போம், சுபேதார் சாப் டார்ச் அடித்துச் சட்டைக் கையை இறக்கியிருக்கிறோமா என்று வரிசையாகப் பார்ப்பார், மலேரியா வராமலிருக்கக் கொடுக்கும் குளோரோகுயின் மாத்திரை நாளென்றால் நான் டப்பாவோடு பின்னாலேயே போய் ஒவ்வொருவனையும் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். கசப்பு தாங்காமல் துப்புகிறவன் எப்போதும் இருப்பான். சின்னப் பிள்ளைகளை நடத்துகிற மாதிரி நடத்துகிறீர்கள் என்று பையன்கள் என்னிடம் கோபப்படுவார்கள், ஆனாலும் அதை விட்டுவிடக் கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன்.

இரண்டாம் உலகப்போரில் பர்மா சண்டையைப் பார். 1943-ல் பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மின் 14-வது படையில் காயம்பட்டு ஒருவன் சிகிச்சைக்குப் பின்னால் அனுப்பப்பட்டால், நோயால் 120 பேர் அப்படி அனுப்பப்பட்டார்கள். மலேரியா மட்டுமே வருடத்துக்கு நூறு பேருக்கு 84. மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரை கையில் இருந்தது, ஆனால் அதைத் தின்றால் ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தி, தோல் வேறு மஞ்சளாகிவிடும், அதனால் பலர் சாப்பிடவில்லை. ஸ்லிம் என்ன செய்தார் தெரியுமா, திடீர் திடீரென்று ஒரு யூனிட் முழுவதற்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார், குறைந்தது 95 சதவீதம் பேர் ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் கமாண்டிங் ஆபீசரின் பதவியைப் பறித்தார். மூன்று பேரைத்தான் தூக்க வேண்டியிருந்தது, அதற்குள் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. தண்டனை சிப்பாய்க்கு இல்லை, கர்னலுக்கு! அதுதான் சரியான இடம்.

அறுபது வருஷம் கழித்து, 2003-ல், எல்லா வசதியும் உள்ள அமெரிக்க மரைன் படைவீரர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியாவில் இறங்கினார்கள். தலைநகர் மன்ரோவியாவின் விமான நிலையத்தில் இரவு தங்கிய 157 பேரில் 69 பேருக்கு மலேரியா. நல்ல மருந்தும், பூச்சிமருந்து ஏற்றிய சீருடையும் உலகத்தில் இருந்தும் பாதிப் பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, கொசுவலை ஒருத்தர்கூடக் கட்டவில்லை.

பிரபு போகிற இடத்தில் பெரும்பாலும் ஃபால்சிபாரம் மலேரியா, மூளைக்கே ஏறிவிடும் வகை. அதைப் பரப்பும் கொசு ராத்திரி நேரம் கழித்துக் கடிக்கும், அதனால் வலையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகித்தான் படுக்க வேண்டும். வெயில் படுகிற சின்னக் குட்டையில்தான் அது முட்டையிடும். லாரிச் சக்கரம் அழுத்திய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றாலே போதும், அதாவது நம் வண்டியே நமக்குக் கொசு வளர்த்துக் கொடுக்கும். ஒரே டென்டில் இரண்டு பேர் காய்ச்சலென்று சிக் ரிப்போர்ட் போட்டால், மாத்திரை கொடுத்து அனுப்பினால் போதாது, ரத்தம் பார்த்துவிட்டு அன்றைக்கே அந்த டென்டைச் சுற்றித் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று தேட வேண்டும். சிக் ரிப்போர்ட் ரிஜிஸ்டரை ஒழுங்காக எழுதுகிற யூனிட்தான் தப்பிக்கும்.

அப்புறம் ஒன்று, இதை அவசியம் சொல். மலேரியா தடுப்புக்கு டாக்சிசைக்ளினோ மெஃப்லோகுயினோ எந்த மாத்திரை கொடுத்தாலும், ஊர் திரும்பிய பிறகும் நாலு வாரம் சாப்பிட வேண்டும், லீவில் வந்த குஷியில் நிறுத்திவிடுவார்கள். வந்தபின் காய்ச்சல் கண்டால், சாதாரண வைரல் என்று யார் சொன்னாலும், ஆப்பிரிக்காவில் இருந்து வந்தேன் என்று டாக்டரிடம் முதலில் சொல்லி ரத்தம் பார்க்கச் சொல்லட்டும். இலங்கை 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கியது, அங்கே அமைதிப்படையிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்குக் காய்ச்சல் வரும்வரை காத்திராமல் ரத்தம் பார்க்கிறார்கள்.

கிளம்பும் தேதி தெரிந்ததும் எழுது. அதற்கு முன்னால் ஒரு நாள் அவனை எனக்கு போன் போடச் சொல், நானே பேசுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்