மாலை நேரக் கூடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்: கட்டடத்துக்கு அல்ல, சம்பளத்துக்கு

அன்புடையீர், வணக்கம்.

பள்ளி விட்ட பிறகு, வேலைக்குப் போன பெற்றோர் வீடு திரும்பும்வரை உள்ள மூன்று நான்கு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? பள்ளியைக் கேட்டால், எங்கள் நேரம் முடிந்துவிட்டது என்பார்கள். அதில் தவறில்லை. பெற்றோரைக் கேட்டால், வேலையைப் பாதியில் விட்டு வர முடியாது என்பார்கள். அதுவும் நியாயமே. வசதியுள்ள வீடுகளில் அந்த நேரத்தை நீச்சல், டியூஷன் என்று நிரப்பிவிடுகிறார்கள். மற்ற வீடுகளில், கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொள்ளும் பத்து வயதுப் பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளைக்காகவே மாலை நேரக் கூடம் ஒன்றைத் தொடங்க இருக்கிறோம்.

இடம் கிடைத்துவிட்டது. மேசை, நாற்காலி, அலமாரிகளைத் தரவும் பலர் முன்வந்திருக்கிறார்கள். ஆகவே கட்டட நிதி, திறப்பு விழா நிதி என்று எதுவும் இந்த வேண்டுகோளில் இல்லை. நாங்கள் முதன்மையாகக் கேட்பது சம்பளம். தினமும் கூடத்தில் இருக்கப்போகும் இரண்டு பொறுப்பாளர்கள், ஒரு விளையாட்டுப் பயிற்றுநர், வாரத்தில் சில நாட்கள் வந்துபோகும் மனநல ஆலோசகர் ஆகியோருக்கு மாதந்தோறும் தரவேண்டிய ஊதியம்.

பெஞ்சில் நன்கொடையாளர் பெயரை எழுதலாம். சம்பளத்தில் எழுத முடியாது. நல்ல நோக்கத்துடன் எழும்பிய பல கட்டடங்கள் ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். தன் பெயரைத் தெரிந்த, நேற்று அழுததை நினைவில் வைத்திருக்கும், நாளையும் வரப்போகும் ஒரு பெரியவர்தான் குழந்தைக்கு முதலில் வேண்டும். சில மாதங்களுக்கு ஒருவர் என்று மாறிக்கொண்டிருந்தால் எந்தக் குழந்தையும் வாய் திறக்காது. தன்னார்வலர்கள் வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் அவர்களை நம்பி மட்டும் கூடத்தைத் திறக்க மாட்டோம்.

கூடத்தில் முதல் ஒரு மணி நேரம் ஓட்டமும் ஆட்டமும்தான். வீட்டுப்பாடம் அதன் பிறகே. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்கும் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்றே 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. இதற்காகச் சில பெற்றோர் எங்களோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

சம்பளம் போக மீதித் தொகையில் ஆண்டுதோறும் கண், காது பரிசோதனை நடத்துவோம். கரும்பலகை மங்கலாகத் தெரியும் குழந்தை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறது. யாரிடமும் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவரின் நோட்டைப் பார்த்து எழுதுகிறது. கவனக்குறைவு, சோம்பல் என்று பெயர் வாங்குகிறது. எழுத்து அட்டையை ஆறு மீட்டர் தொலைவில் மாட்டி, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னால் சில நிமிடங்களில் சந்தேகம் பிடிபட்டுவிடும். கண்ணாடி ஒருமுறை வாங்கிக் கொடுத்தால் போதாது. குழந்தை வளர வளரப் பவர் மாறும். கண்ணாடி உடையவும் செய்யும்.

கைவேலை அறைக்கான பட்டியலில் இடதுகைக் கத்தரிக்கோலும் இருக்கிறது. வழக்கமான கத்தரியை இடது கையில் பிடித்தால் மேல் அலகு வெட்ட வேண்டிய கோட்டை மறைக்கும். விரல்கள் அழுத்தும்போது அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். காகிதம் வெட்டுப்படாமல் மடங்கும். பழியோ, கைத்திறன் இல்லை என்று குழந்தையின் மேல் விழும். முழுமையான கல்வி என்று மேடையில் பேசுவது எளிது. இந்தக் கத்தரிக்கோலை வாங்கி வைக்க யாருக்காவது தோன்ற வேண்டும்.

பெற்ற பிள்ளையைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். குழந்தைகளின் உரிமை பற்றி 1924-இல் உலக நாடுகள் சங்கம் ஏற்ற ஜெனீவாப் பிரகடனம், பெற்றோரின் பெயரிலோ அரசுகளின் பெயரிலோ எழுதப்படவில்லை. எல்லா நாடுகளையும் சேர்ந்த ஆண்களும் பெண்களும் இதைத் தங்கள் கடமையாக ஏற்கிறார்கள் என்றுதான் அது பேசுகிறது. பிள்ளை இல்லாதவர்களும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களும் அதில் அடக்கம். அவர்களிடமும் தயங்காமல் கேட்கிறோம்.

ஒரே முறை பெருந்தொகை தருவதைவிட, முடிந்த சிறு தொகையை மாதந்தோறும் தருவதாக ஒப்புக்கொண்டால் எங்களுக்கு உதவி. சம்பளம் மாதாமாதம் வருவது அல்லவா? கதைப் புத்தகங்களும் பந்துகளும் தரலாம். வீட்டை ஒழிக்கும்போது கிடைக்கும் பழைய பாடநூல்களை மட்டும் அன்புடன் மறுக்கிறோம்.

ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. குழு உறுப்பினர் இருவர் கையெழுத்திடாமல் வங்கியிலிருந்து பணம் எடுக்க முடியாது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கு கூடத்தின் வாசலில் ஒட்டப்படும். நன்கொடை வாங்கும் குழந்தையை நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கம் இங்கே இருக்காது. யார் எவ்வளவு கொடுத்தாலும் இதில் மாற்றமில்லை. எந்தப் பெரியவரும், நன்கொடையாளரே ஆனாலும், மூடிய அறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்க அனுமதியில்லை.

ஓராண்டுச் சம்பளத்துக்கான ஒப்புதல் சேர்ந்த பிறகே பொறுப்பாளர்களை வேலைக்கு எடுப்போம். அதற்கு முன் வரும் பணம் தனிக் கணக்கில் இருக்கும். போதிய ஒப்புதல் சேராவிட்டால் ரசீதைக் காட்டித் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஒப்புதல் படிவம் குழு உறுப்பினர்கள் எல்லோரிடமும் கிடைக்கும்.

இப்படிக்கு,
மாலை நேரக் கூட அமைப்புக் குழுவினர்