இளையவளிடம் வலிக்கிறதா என்று கேட்டவருக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மகனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்து நேற்றோடு 100 நாள் ஆகிறது. சாய மருந்து ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், மூளையில் நோய் பரவிக்கொண்டிருப்பதைக் காட்டி முன்பு வெள்ளையாக ஒளிர்ந்துகொண்டிருந்த விளிம்பு இம்முறை காணப்படவில்லை என்று மருத்துவர் விரல் வைத்துக் காட்டினார். மூளையின் வெண்பகுதியையும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியையும் தாக்கும் இந்த மரபணு நோய்க்கு அட்ரினோலியூகோடிஸ்ட்ரோபி என்ற பெயரை எங்களோடு சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் நீங்கள் என்பதால், நடந்தவற்றை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. மங்கிய பார்வை பழையபடி திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. அட்ரீனல் சுரப்பி செய்யாத வேலைக்கான மாத்திரைகள் ஆயுளுக்கும் தொடரும். ஆயினும், நாளுக்கு நாள் அவனை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போன நோய், போன இடத்திலேயே நின்றிருப்பதாகத் தெரிகிறது. இந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகத்தான் இத்தனை நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பையன் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று அடிக்காமல், அவனுக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள் எனச் சொல்லி அனுப்பிய வகுப்பாசிரியைக்கும், ஊசி போட்டே எல்லாவற்றையும் சரிசெய்வதாக விளம்பரம் செய்யும் ஸ்டெம் செல் மையம் ஒன்றுக்கு நாங்கள் முன்பணம் கட்டவிருந்த வேளையில், இந்த நோயில் பலன் தருவதாக நிரூபிக்கப்பட்ட மாற்றுச் சிகிச்சை எது, அதுவும் எந்தக் கட்டத்துக்குள் செய்தால் பலன் தரும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்ன நரம்பியல் மருத்துவருக்கும், நகையை அடகு வைத்துப் பணம் தந்த உறவுகளுக்கும், பிளேட்லெட்டை 5 நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது என்பதால் நாங்கள் அழைத்த போதெல்லாம், நள்ளிரவிலும், எழுந்து வந்து கை நீட்டிய கல்லூரி மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் பலரை நேரில் வந்து பார்ப்போம்.

ஆனால் ஒருவரை நேரில் பார்த்து நன்றி சொல்ல எங்களால் முடியவில்லை. இந்த மடலை எல்லோர் பார்வைக்கும் எழுதுவதற்கு அவரே காரணம்.

மகனுக்கு மஜ்ஜை கொடுத்தவள் எங்கள் இளையவள். உடன்பிறந்தவர்களுக்குள் திசு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. பொருந்தினாலும், என்னிடமிருந்து மகனுக்குப் போன மரபணுப் பிழை அவளுக்கும் போயிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு இருந்தது. இரண்டையும் தாண்டி வந்தவள் என்பதால் அவளைக் குலதெய்வம் போலக் கொண்டாடினோம். ஆறு வயது, 18 கிலோ எடை. மயக்க மருந்து கொடுத்து, இடுப்பு எலும்பின் இரு புறமும் ஊசியால் குத்தி, ஏறத்தாழ 300 மில்லி எடுத்தார்கள். அந்தப் பை அண்ணனின் அறைக்கு வந்தது. நானும் அதன் பின்னாலேயே போய்விட்டேன். தொற்று வராதிருக்க அவனை வைத்திருந்த தனிமை அறைக்குள் போனவர் நினைத்தபோது வெளியே வர முடியாது என்பது உண்மைதான். ஆனால் அன்று எனக்கு வெளியே வரவேண்டும் என்ற நினைவுகூட எழவில்லை என்பதும் உண்மை.

கீழ்த்தளத்து வார்டில் அவள் என் மாமியாருடன் குப்புறப் படுத்திருந்தாள். பார்க்க வந்த ஒவ்வொருவரும், "நீதான் அண்ணனைக் காப்பாத்துன, தைரியசாலி அழக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மாமியாரிடம் அண்ணனைப் பற்றியே விசாரித்தார்கள். தரை துடைக்க வந்த அக்கா மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எங்க குத்துனாங்க? ரெண்டு பக்கமுமா? வலிக்குதா பாப்பா?" என்று அவளிடமே கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டதும், "வலிச்சா அழு. நீ அழுவுறதுக்கும் அண்ணனுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாராம். அதன் பிறகுதான் அவள் அழுதாள். அழுது முடித்த பிறகு, பால்பாயிண்ட் பேனாவால் இடப்பக்கப் பிளாஸ்திரியில் நாலு புள்ளிக் கோலமும் வலப்பக்கத்தில் ஒரு கிளியும் வரைந்து, முதுகுப் பக்கம் இருப்பது அவளுக்குத் தெரியாதே என்று, மாமியாரின் போனில் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்.

ஆறாம் நாள் மகனுக்குக் கடுங்காய்ச்சல். அன்று காயம் பார்க்க வந்த இளையவள், தன் ரத்தம் கெட்டது என்பதால்தான் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று சொல்லிக் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். அந்த அக்கா தரையில் குனிந்து, "நீ குடுத்தது குடுத்ததுதான். இனிமே அது டாக்டருங்க வேலை, உன் வேலை முடிஞ்சுது, வெளிய வா" என்று அழைத்திருக்கிறார். புது மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளமாக, தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிய 19-ஆம் நாள் வரை நான் எனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்த வார்த்தையும் அதுவே. பிழையான மரபணுவைக் கொடுத்தவள் என்ற எண்ணம் என்னையும் ஒரு கட்டிலுக்கடியில்தான் உட்காரவைத்திருந்தது. இவையெல்லாம் தனிமை அறையை விட்டு வெளியே வந்த பிறகு மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்றவள் கேட்க வேண்டிய கேள்வியை வேறொருவர் கேட்டிருக்கிறார் என்பதில் எனக்கு வெட்கமும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

இனி எந்தக் குடும்பமாவது இந்தச் சிகிச்சைக்கு வழி கேட்டு எங்களிடம் வந்தால், கொடுக்கப்போகும் பிள்ளையோடு யார் இருக்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்பேன்.

நேற்று அவரைத் தேடிப் போனோம். ஒப்பந்தம் மாறிவிட்டது என்றும், அவர் எந்தக் கட்டடத்துக்குப் போனார் என்று தெரியாது என்றும் சொன்னார்கள். நாங்கள் அவருடைய பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. அக்கா, இந்த மடலை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால், இளையவள் சொல்லச் சொன்ன செய்தி இது: அண்ணன் உடம்பில் இப்போது ஓடுவது அவளுடைய ரத்தமாம், சோதித்துப் பார்த்தால் பெண்பிள்ளையின் ரத்தம் என்றே வருமாம், டாக்டரே சொன்னாராம். கோலம் போட்ட பிளாஸ்திரி, ஒரு மூலை கிழிந்து, அவளுடைய கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறது. கிளிதான் எங்கேயோ தொலைந்துவிட்டது. நீங்கள் வந்தால் இன்னொன்று வரைந்து தரவேண்டுமாம்.