டைட்டானியம் என்று சொன்னால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் பல் இம்பிளான்ட் (இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'டைட்டானியத்தை உடல் ஏற்றுக்கொள்ளும், கவலை வேண்டாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பல் இம்பிளான்ட்டும் எலும்புத் திருகும் செய்யும் தொழிற்சாலையில், மேற்பரப்பைப் பதப்படுத்தும் பிரிவில் நெடுங்காலமாக வேலை செய்பவள் நான். விஷயமே அந்த மேற்பரப்பில்தான் இருக்கிறது.

டைட்டானியத்தில் காற்று பட்டதுமே அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று தானாக உருவாகிவிடும். கனம் சில நானோமீட்டர்தான். உடலின் உப்பு நீர் உலோகத்தை அரிக்காமல் காப்பது அந்தப் படலம். எலும்பு செல்கள் வந்து ஒட்டுவதும் அதன் மேல்தான். சுவீடன் மருத்துவர் பிரோனேமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு டைட்டானிய வேர் பொருத்தினார். அந்தக் காலத்து வேர்கள் கடைசல் எந்திரத்திலிருந்து வந்தபடியே வழவழப்பாக இருக்கும். எலும்பு பிடிக்க 3 முதல் 6 மாதம் காத்திருப்பார்கள். இன்று நல்ல எலும்பு உள்ளவருக்கு 6 முதல் 8 வாரத்தில் பல் கட்ட முடிகிறது. அதில் பெரும்பங்கு மேற்பரப்புக்கு உண்டு.

நாங்கள் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகள்களை வேகமாக வீசியடித்து முதலில் அதைச் சொரசொரப்பாக்குவோம். அப்புறம் ஹைட்ரோகுளோரிக், சல்பியூரிக் ஆசிட் கலந்த சூடான தொட்டி. வீசியடித்த பள்ளங்களுக்குள் ஆசிட் இன்னும் நுண்ணிய குழிகளைப் போடும். வெளியே எடுக்கும்போது பளபளப்பெல்லாம் போய் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். கழுவிய உடனே ஒரு சொட்டு நீர் விட்டால் சட்டென்று பரவிவிடும். அதே பொருளைச் சில வாரம் காற்றில் வைத்துவிட்டு நீர் விட்டுப் பாருங்கள், சொட்டு முத்தாகத் திரண்டு நிற்கும். காற்றிலுள்ள கரிமப் பொருட்கள் படிந்துவிட்டன, அவ்வளவுதான்; கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் இரத்தம் நன்றாக நனைக்க வேண்டிய இடம் அது. அதனால்தான் சில தயாரிப்புகளை உப்புக் கரைசலுக்குள்ளேயே அடைத்து அனுப்புகிறார்கள். வெறும் விரல் பட்ட பொருளை நான் ஒதுக்கிவிடுவேன், மேலே யார் முகம் சுளித்தாலும் சரி.

'சொரசொரப்பு கூடக் கூட நல்லது' என்ற விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். சுமார் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வரையிலான சொரசொரப்புதான் எலும்புக்குத் தோது. ஈறு இறங்கி அந்தச் சொரசொரப்பான பகுதி வாய்க்குள் வெளிப்பட்டுவிட்டால், எலும்புக்காகப் போட்ட குழிகளிலேயே பாக்டீரியாவும் குடியேறும். பல வேர்களில் ஈறைத் தொடும் கழுத்தை மட்டும் வழவழப்பாக விடுவது இதற்காகத்தான். பின்னால் சுத்தம் செய்யும்போது ஸ்டீல் கருவியால் சுரண்டினால் அந்தக் கழுத்திலும் கீறல் விழும். இதையாவது உங்கள் கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

(எலும்புத் திருகுகளின் பொன், ஊதா, நீல நிறங்களைப் பார்த்துச் சாயம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சாயமே கிடையாது. ஆனோடைசிங்கில் (மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலத்தை வளர்க்கும் முறை) வோல்டேஜைக் கூட்டினால் ஆக்சைடு தடிக்கும், தடிமனுக்கு ஏற்ப ஒளி வேறு வேறு நிறமாகத் தெரியும். திருகின் அளவை அடையாளம் காண அது உதவுகிறது.)

இனி இதுபற்றி எழுதும்போது, 'என்ன மேற்பரப்பு, எப்படிப் பதப்படுத்தியது?' என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லி வாசகர்களுக்கு எழுதுங்கள். பெயர், அளவு, லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) அச்சிட்ட ஸ்டிக்கர்களைப் பெட்டிக்குள் வைத்துத்தான் அனுப்புகிறோம். ஒன்று மருத்துவக் கோப்பில் இருக்க வேண்டும், இன்னொன்று நோயாளி கையில். என் அக்காவுக்குக் கொடுத்த தாளில் 'டைட்டானியம்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. நாளைக்கு அந்த வேரில் பிரச்சினை என்று வேறொரு மருத்துவரிடம் போய் உட்கார்ந்தால், எந்தத் திருப்புளி அதற்குப் பொருந்தும் என்பதைக்கூட அவர் ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி