எட்டில் மூன்று புதுசு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், பழைய நாட்டுப்பாடல்களை எலெக்ட்ரிக் கிடாரோடு பாடிய ஆங்கிலேய இசைக்குழு ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் ‘லீஜ் அண்ட் லீஃப்’ ஆல்பத்தைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். தமிழில் இந்தப் பெயர் கண்ணில் படுவதே அபூர்வம். ஆனால் இரண்டு இடங்கள் உறுத்தின. பாடல்கள் எல்லாமே பழைய நாட்டுப்பாடல்கள் என்பது ஒன்று. வெளிவந்த அன்றே ஊரே கொண்டாடியது என்பது இன்னொன்று.

ஆல்பத்தில் மொத்தம் எட்டு உருப்படிகள். அவற்றில் மூன்று புதுசு. முதல் பாட்டு ‘கம் ஆல் யீ’ பாடகி சாண்டி டென்னியும் பாஸ் கிடார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸும் எழுதியது. ‘ஃபேர்வெல் ஃபேர்வெல்’ பாட்டின் மெட்டு பழசு, வரிகள் குழுவின் கிடார்க்காரர் ரிச்சர்ட் தாம்ப்சனுடையவை. கடைசிப் பாட்டு ‘கிரேஸி மேன் மைக்கேல்’ தாம்ப்சன் எழுத, வயலின்காரர் டேவ் ஸ்வார்பிரிக் மெட்டமைத்தது.

வீம்புக்காக இதைச் சொல்லவில்லை. 1969 மே மாதம் பர்மிங்ஹாம் கச்சேரியை முடித்துவிட்டு லண்டன் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் இவர்களுடைய வேன் விபத்துக்குள்ளானது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்தார், வயது 19. தாம்ப்சனின் காதலி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். மிச்சமிருந்தவர்கள் குழுவையே கலைத்துவிடலாமா என்று யோசித்து, அப்புறம் ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்து வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் ஒத்திகையில் உட்கார்ந்தார்கள். அங்கே உருவானதுதான் இந்த ஆல்பம். ‘கிரேஸி மேன் மைக்கேல்’ கதையைப் பாருங்கள். உன் காதலி உன் கையாலேயே சாவாள் என்று ஓர் அண்டங்காக்கை மைக்கேலிடம் சொல்கிறது. ஆத்திரத்தில் அதைக் குத்திவிடுகிறான். கீழே பார்த்தால் காயத்தோடு கிடப்பவள் காதலி. சில மாதங்களுக்கு முன் அந்த வேனிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர் எழுதிய பாட்டு இது. ‘யாரோ எப்போதோ பாடிய பழம்பாட்டு’ என்ற நினைப்பில் கேட்டால் இது காதில் விழாது.

சரி, வரவேற்புக்கு வருகிறேன். ஆல்பம் 1969 டிசம்பரில் வந்தது. பிரிட்டன் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 17ஆம் இடம் வரை ஏறியது. மோசமில்லை, அவ்வளவுதான். ரெக்கார்டு கடைக்கு வருவதற்குள் ஹட்சிங்ஸும் டென்னியும் குழுவை விட்டே போய்விட்டார்கள். ஹட்சிங்ஸுக்கு இன்னும் ஆழமாக நாட்டுப்பாடலுக்குள் போக வேண்டும். ஸ்டீலை ஸ்பேன் என்ற குழுவைத் தொடங்கினார். டென்னிக்குச் சொந்தப் பாட்டுப் பாட வேண்டும், ஃபாதரிங்கே என்ற குழுவைத் தொடங்கினாள். ஒரே ஆல்பம் ஒருவருக்குப் போதவில்லை, இன்னொருவருக்குத் திகட்டிவிட்டது! 2006இல்தான் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் இதை மிக அதிகத் தாக்கம் ஏற்படுத்திய நாட்டுப்பாடல் ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தார்கள். டென்னி இறந்து அப்போது 28 வருஷம்.

எலெக்ட்ரிக் கிடாரைத்தான் கட்டுரை வியந்து வியந்து எழுதுகிறது. எனக்கு ‘மேட்டி குரோவ்ஸ்’ பாட்டில் டென்னியின் குரல்தான். பிரபுவின் மனைவி ஒரு வாலிபனை வீட்டுக்கு அழைக்கிறாள், பிரபு வந்து இரண்டு பேரையும் கொல்கிறான். இவ்வளவையும் டென்னி பதறாமல், அழுது காட்டாமல், பக்கத்து வீட்டுச் சேதி போலப் பாடிக்கொண்டே போகிறாள். இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்லும் பிரபு, மனைவி உயர்குடிப் பிறப்பு என்பதால் அவளை மேலே வைக்கச் சொல்கிறான். குழிக்குள்ளும் மேல் கீழ்! அத்தோடு குரல் நின்றுவிடும். அதற்குப் பிறகு வயலினும் கிடாரும் ஒன்றையொன்று துரத்துவதை ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

கட்டுரையாளரை அடுத்து ஸ்டீலை ஸ்பேன் பற்றி எழுதச் சொல்லுங்கள். ஹட்சிங்ஸ் அங்கேயும் ரொம்ப நாள் தங்கவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருச்சி