கீழ்ப்பாக்கம் போற ரயில்ல இருந்தவங்க கதை

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை பத்தின கட்டுரை படிச்சேன், 1794ல வாலண்டைன் கொனலிங்கற டாக்டர் தொடங்கி வச்சது, 1871ல இப்ப இருக்கிற இடத்துக்கு மாறினதுன்னு கட்டடத்தோட கதையெல்லாம் நல்லாதான் எழுதியிருக்கீங்க. ஆனா வெளியூர்லருந்து ஆளைக் கூட்டிட்டு வந்த குடும்பங்களப் பத்தி ஒரு வரி கூட இல்லையே சார், அந்த ஆஸ்பத்திரி வரலாறுல பாதி அவங்கதானே? எங்க பெரியப்பாவ காட்பாடியில ரயில் ஏத்திதான் கூட்டிட்டுப் போவாங்க, அவர் கையையும் எங்கப்பா கையையும் ஒரே துண்டுல சேத்துக் கட்டி, யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு மேல மஞ்சப்பையப் போட்டு மூடிப்பாங்க, மாத்திரை வாங்கத்தான் இவ்ளோ பாடு.

இங்க வேலூர் பாகாயத்துல சிஎம்சி மனநல மையத்துல வீட்டாளுங்களையும் நோயாளி கூடவே தங்க வச்சு வைத்தியம் பாக்கறாங்க, நல்ல முறை, ஆனா அது மிஷன் ஆஸ்பத்திரி. சர்க்காருக்கு மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல தாலுகா ஆஸ்பத்திரிக்கெல்லாம் வாரம் ஒரு நாளாவது மனநல டாக்டர் வரணும், ஒரு மாச மாத்திரைய அங்கயே கையில குடுக்கணும்.

– ஒரு வாசகர், குடியாத்தம்