ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "உயிரோடுதான் இருக்கிறானா, கேட்டு எழுது" என்று அக்காவிடம் சொன்னாயாமே! நன்றாகவே இருக்கிறேன். இங்கே இது குளிர்காலமாம். எனக்கோ மின்விசிறி இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவர், நாயோடு மட்டும் பேசுகிறவர், போன சனிக்கிழமை என்னை ஜிம் ஜிம் அருவிக்குக் கூப்பிட்டார். அது காக்கடு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நாய்க்கு அங்கே அனுமதி இல்லை, அதனால்தான் எனக்கு அந்த யோகம்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஐம்பது கிலோமீட்டர் செம்மண் சாலை. தகரக் கூரையின் மேல் ஓட்டுவது போல எலும்பெல்லாம் அதிர்கிறது. அதன்பின் பத்து கிலோமீட்டர் ஜீப் மாதிரி வண்டிகள் மட்டுமே போகும் தடம். கிழவர் இறங்கி நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். அப்போதுதான் டயர் அகலமாகப் படிந்து மணலில் புதையாதாம். வழி நெடுகப் பேசாதவர், திரும்பும்போது என்னை ஓட்டச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "கட்டைவிரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே விடாதே." சக்கரம் பாறையில் இடித்தால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பி விரலை முறித்துவிடுமாம்.

வண்டியை நிறுத்திவிட்டுப் பாறை பாறையாகத் தாண்டி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். (முதலை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வழியையே திறக்கிறார்கள். நீ பயப்படாதே.) வேடிக்கை என்னவென்றால், மழைக்காலத்தில் அருவி கொட்டோ கொட்டென்று கொட்டும், ஆனால் சாலை வெள்ளத்தில் கிடக்கும். சாலை திறக்கும்போது தண்ணீர் வற்றத் தொடங்கிவிடும். நாங்கள் போனபோது அவ்வளவு பெரிய பாறைச் சுவரில் ஒரு மெல்லிய ஒழுக்குத்தான். எனக்கு அதுவே போதும். அப்பா என் தலையைப் பிடித்து அருவிக்குள் நீட்டுவாரே, நான் அலறுவேனே! முகம் கழுவும் சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். கிழவர் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

அது கிடக்கட்டும். காரை விற்றுவிட்டேன், பஸ்ஸே வசதியாக இருக்கிறது. இந்த மாதப் பணம் சற்றுத் தள்ளி வரும், வங்கியில் ஏதோ தாமதம். அக்கா வளைகாப்புக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம், தனியாக அனுப்புகிறேன். கொல்லைச் சுவர் விஷயத்தில் சித்தப்பா சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதே. அளந்து பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. மாமா வரட்டும்.

அன்புடன்,
உன் மகன்