சிவப்புக்குக் காசு, பச்சைக்குப் பார்சல்

அனுப்புநர்:
கால்பந்து அணிச் செயலாளர்,
தூத்தூர் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
விளையாட்டு உடை விற்பனை நிறுவனம்.

பொருள்: சிவப்பு கோல்கீப்பர் ஜெர்சிக்குப் பணம் வாங்கிக்கொண்டு பச்சை அனுப்பியது, மாற்றித்தர மறுப்பது – தொடர்பாக.

ஐயா / அம்மா,

எங்கள் அணிக்காக உங்கள் இணையதளத்தில் முழுக்கை கோல்கீப்பர் ஜெர்சி இரண்டு ஆர்டர் செய்திருந்தோம். உங்களிடம் சாதாரண கீப்பர் ஜெர்சி 650 ரூபாய். 'போட்டி ரகம், சிவப்பு' மட்டும் 950 ரூபாய். நாங்கள் கேட்டது சிவப்பு. 1,900 ரூபாயையும் முன்னாலேயே கட்டிவிட்டோம். பார்சலைப் பிரித்தால் இரண்டும் பச்சை, அதுவும் கண் கூசும் கிளிப்பச்சை. கூடவே வந்த பில்லில் சிவப்பு என்றுதான் அச்சாகியிருக்கிறது.

ஆள் மாறி, பெட்டி மாறி வருவது நடக்கிற விஷயம்தான். அதற்காக இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். எழுத வைத்தது உங்கள் வாடிக்கையாளர் சேவையில் கிடைத்த பதில். "சைஸ் சரியா இருக்குல்ல சார்? துணியும் அதே துணிதான். கலர்ல என்ன இருக்கு?" என்று கேட்டார் போனில் பேசியவர். அதையே எழுத்தில் தாருங்கள் என்றேன். "திரையில் தெரியும் நிறத்துக்கும் நேரில் உள்ள நிறத்துக்கும் சிறு வேறுபாடு இருக்கலாம், இதற்குத் திருப்பி எடுக்க இயலாது" என்று மெயில் வந்தது. எந்தத் திரையில் சிவப்பு பச்சையாகத் தெரிகிறது என்று கேட்டு அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை.

நிறத்தில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தந்ததே நீங்கள்தான். அந்த ஜெர்சியின் விளம்பரத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'சிவப்பு அணிந்த கீப்பர் முன் எதிரணியின் குறி தவறும். அறிவியல் நிரூபித்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். துணி அதே துணி என்று உங்கள் ஆளே ஒப்புக்கொண்ட பிறகு, ஜெர்சிக்கு 300 ரூபாய் கூடுதலாக வாங்கியது நிறத்துக்குத்தானே? விற்கும்போது நிறம்தான் எல்லாம், திருப்பிக் கேட்டால் நிறம் ஒன்றுமே இல்லை என்றால் எப்படி?

விளம்பரம் சொல்லும் ஆய்வைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் சிச்செஸ்டர் பல்கலைக்கழகத்து இயன் கிரீன்லீஸும் கூட்டாளிகளும் செய்தது, 2013-ல் வெளியானது. பல்கலைக்கழக அளவில் ஆடும் 40 பேரைப் பெனால்டி அடிக்கவைத்து, கீப்பரின் சட்டை நிறத்தை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். நீலத்துக்கும் பச்சைக்கும் எதிராக விழுந்ததைவிட, சிவப்புக்கு எதிராகக் கோல் குறைவாக விழுந்தது. ஆக, எந்த நிறத்தைவிடச் சிவப்பு மேல் என்று விற்கிறீர்களோ அந்தப் பச்சையையே எங்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். வேண்டுமென்று செய்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

அந்த ஆய்வில் உங்கள் விளம்பரம் சொல்லாமல் விட்டதும் உண்டு. அடிக்கப் போகிறவர்களிடம் 'கோல் போடுவோம் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்' என்றும் கேட்டிருக்கிறார்கள். நிறத்துக்கு நிறம் அந்த நம்பிக்கையில் வித்தியாசம் இல்லை. சிவப்பைப் பார்த்து எவரும் பயந்ததாகச் சொல்லவில்லை, ஆனாலும் கோல் குறைந்தது. ஏன் என்பது இன்னும் ஆராய வேண்டிய விஷயம். மேலும் அது பெனால்டி மட்டும்: பந்து 11 மீட்டரில் அசையாமல் இருக்கும், அடிப்பவர் நிமிர்ந்து கீப்பரைப் பார்க்க நேரம் இருக்கும். ஓடுகிற ஆட்டத்தில் நாலு பேருக்கு நடுவே இருந்து அடிப்பவன் சட்டை நிறத்தையா பார்த்துக்கொண்டிருப்பான்? 40 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையை 'நிரூபித்தது' என்று போடுவதே அதிகம்.

சிவப்புக்குச் சாதகமாக வேறு செய்தியும் உண்டு, மறுக்கவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, டேக்வாண்டோ, மல்யுத்தம் ஆடியவர்களுக்குச் சிவப்பும் நீலமும் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கப்பட்டன. சிவப்பு அணிந்தவர்கள் கூடுதலாக வென்றார்கள் என்று 2005-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்தது. அப்புறம் வேறொரு குழு டேக்வாண்டோ காட்சிகளில் நிறத்தை மட்டும் கணினியில் மாற்றி நடுவர்களுக்குக் காட்டியது. சிவப்பில் தெரிந்தவருக்கே கூடுதல் புள்ளி போட்டார்கள். அப்படியானால் மயங்குவது எதிராளியா, நடுவரா? இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த 'அறிவியல்'. சோவியத் கீப்பர் லெவ் யாஷின் கறுப்புச் சட்டையில் நின்று, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை 1963-ல் வாங்கினார். மெக்சிகோவின் கீப்பர் ஹோர்ஹே காம்போஸ் வானவில்லில் இல்லாத நிறங்களையும் போட்டுக்கொண்டு 1994 உலகக் கோப்பையில் நின்றார். கையும் காலும் வேலை செய்யாமல் சட்டை மட்டும் பந்தைப் பிடிக்காது என்பது எங்களுக்கும் தெரியும்.

பிறகு ஏன் 300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துத் திருவிழாப் போட்டிகள் பலவும் சமநிலையாகி, பெனால்டி அடித்து முடிவு காணும் டை-பிரேக்கரில்தான் முடியும். ஒரு பெனால்டி வெளியே போனாலும் லாபம் என்று எங்கள் கீப்பர் ஆசைப்பட்டான். கடலுக்குப் போகிற பையன்கள் பங்குக் காசில் கொஞ்சம் ஒதுக்கி வாங்கிய ஜெர்சி இது. கால்பந்து இங்கே பொழுதுபோக்கு மட்டும் இல்லை. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துப் போட்டி வரை போன மைக்கேல் சூசைராஜ் பக்கத்து இரவிபுத்தன்துறைக்காரர்தான்.

பச்சையால் வந்த கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். வேறு சட்டை வாங்க நேரம் இல்லாததால் அரையிறுதிக்குக் கீப்பர் அதையே போட்டுக்கொண்டு இறங்கினான். எங்கள் கோலுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. "லேய் மக்கா, இது கீப்பரா, தென்னம்பிள்ளையா?" என்று கரையில் இருந்து ஒரு பெரியவர் கேட்டார், மைதானமே சிரித்தது. அது போகட்டும். எதிரணியின் சட்டையும் பச்சை. கால்பந்து விதி 4-ன்படி கீப்பரின் நிறம் மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்தும் நடுவர்களிடமிருந்தும் தனித்துத் தெரிய வேண்டும். நடுவர் அனுமதிக்கவில்லை, அவர் செய்தது சரி. வெளுத்துப்போன பழைய சட்டை ஒன்றில் டேப் ஒட்டி நம்பர் போட்டு அவன் ஆடினான். உங்கள் ஆள் 'கலர்ல என்ன இருக்கு' என்று கேட்டதற்கு இந்த விதி ஒன்றே போதும்.

டை-பிரேக்கரில் தோற்றோம். அந்தப் பழியை உங்கள் மேல் போடவில்லை. எங்கள் பையன்கள் அடித்த இரண்டு பெனால்டி கம்பத்துக்கு வெளியே போனது. நான் கேட்பது தோல்விக்கு நஷ்டஈடு இல்லை.

ஒன்று, நாங்கள் ஆர்டர் செய்த சிவப்பு ஜெர்சி இரண்டையும் உங்கள் செலவில் அனுப்புங்கள், அல்லது 1,900 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். 'பச்சையை வைத்துக்கொண்டு அடுத்த ஆர்டருக்கு 10% தள்ளுபடிக் கூப்பன்' என்ற உங்கள் யோசனை வேண்டாம். அடுத்தது, அந்த விளம்பரத்தில் 'நிரூபித்தது' என்பதை எடுத்துவிட்டு, சோதனை பெனால்டியில் மட்டும், 40 பேரிடம் நடந்தது என்று போடுங்கள். எங்களைப் போல இன்னும் எத்தனை அணிகள் அதை நம்பிக் கூடுதல் காசு கட்டுகின்றனவோ.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க நீங்கள் மறுக்க முடியாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியதும் உங்கள் குறைதீர்ப்பு அலுவலரின் பொறுப்பு. அதற்குள் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். நாங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம் என்பதால் உங்கள் ஊருக்கு அலைய வேண்டிய தேவையும் எங்களுக்கு இல்லை. பில், விளம்பரத்தின் படம், உங்கள் மெயில் மூன்றின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு ஜெர்சி பிரிக்காத கவரிலேயே இருக்கிறது. மற்றது ஆட்டத்துக்கு முன் சிறிது நேரம் மட்டும் போட்டது, கறை எதுவும் இல்லை. எடுத்துப்போக ஆள் அனுப்பினால் முதல் நாளே போன் செய்யச் சொல்லுங்கள். மாலை நாலு மணிக்குப் பிறகு வருவதென்றால் நேரே மைதானத்துக்கு வரட்டும், வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
அணிச் செயலாளர்